ஐந்து அடுக்கு

எதிர்வீட்டு டெக்கைப் பிரித்தபோது
மிஞ்சிய ஸ்ப்ரூஸ் பலகைகள்.
பத்தங்குலம் என்று விற்பார்கள், அளந்தால் ஒன்பதேகால்.
அதற்காக மரக்கடைக்காரனை ஒருமுறை திட்டிவிட்டுத்தான்
ஓரெஸ்ட் பென்சிலைக் காதில் செருகினான்.

"இரும்பு ராம்ப் கடையில் எழுபது டாலர்" என்றேன்.
"இரும்பு சொல்லாமல் மடங்கும்.
மரம் முதலில் முனகும்" என்றான்
பதினாறு வருடத்தில் ஒருதரமும் முனகாதவன்.

யார்க்டனில் அக்டோபர்.
ஒரு கையில் கையுறை, மறுகையில் ஸ்க்ரூ.
அடிப்பலகை நீளம், அதன்மேல் ஓரடி குட்டை,
அதற்கும் மேல் இன்னும் குட்டை,
ஒவ்வொன்றின் நுனியையும் சாய்த்துச் சீவி
பசை தடவி, மூன்றங்குல ஸ்க்ரூ முறுக்கி
(ஒரே ரேகையில் இறக்கினால் பலகை பிளக்குமாம்)
ஐந்து அடுக்கு. உச்சியில் ஒரு கட்டை,
சக்கரம் தாண்டிப் போகாதிருக்க.

தானியக் கிடங்கில் கணக்கெழுதுகிறவள் நான்.
பழைய பியூக், ஆயிரத்து எழுநூறு கிலோ.
முன்பக்கம் நூற்றுக்கு அறுபது என்றால்
ஒரு ராம்ப் சுமக்க வேண்டியது ஐந்நூற்றுப் பத்து.
கணக்கு நேராகத்தான் வந்தது.
அவனுடைய மார்பெலும்பை
எந்தப் பத்தியில் எழுதுவதென்றுதான் தெரியவில்லை.

முதல் தடவை ஏறவே இல்லை.
சக்கரம் தொட்டதும் ராம்ப் இரண்டும்
சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடி
ஃப்ரீசரில் முட்டி நின்றன.
மான்கறிப் பொட்டலங்கள் உள்ளே உருளும் சத்தம்.
ஓரெஸ்ட் ஒன்றும் பேசவில்லை. வாசலுக்குப் போனான்.
'வருக' என்று எழுதிய ரப்பர் மிதியடியை
இரண்டாய் அறுத்துக்கொண்டு வந்தான்.
ஒன்றன் அடியில் 'வரு', மற்றதன் அடியில் 'க',
எழுத்து தரையைப் பார்க்க.

இரண்டாம் தடவை
பானட்டுக்கு மேலே அவன் கை மட்டும் தெரிந்தது.
வா, வா, கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
ஒவ்வொரு அடுக்குக்கும் கார் ஒரு விக்கல் விக்கியது.
நான்காவதில் என் கால் நடுங்கிற்று.
ஐந்தாவதில் கை விரிந்து நின்றது.
ஹேண்ட்பிரேக். பின்சக்கரத்துக்கு இரண்டு ஆப்பு.
நான் இறங்கினேன், அவன் உள்ளே நுழைந்தான்.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன்.
எதிரே ஒரு ஜோடி பூட்ஸ்,
இடது குதிகாலில் காய்ந்த பெயின்ட்.
பூட்ஸிடம் பேசுவது எளிது.
டாஷ்போர்டு அறைக்குள் பதினோரு நாளாகக் கிடந்த
கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்:
ஹாலிஃபாக்ஸ் துறைமுக அலுவலகம்,
இங்கே வாங்குவதில் ஒன்றரை மடங்கு,
ஜனவரியில் சேரவேண்டும்.

பூட்ஸ் அசையவில்லை.
பிறகு உள்ளேயிருந்து,
"பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர்."
கொடுத்தேன்.
எண்ணெய் தட்டில் விழத் தொடங்கியது,
முதலில் கயிறாக, அப்புறம் நூலாக,
அப்புறம் ஒவ்வொரு துளிக்கும்
அடுத்தது வருமா என்று காக்கவைத்து.
அந்த இடைவெளிகளில் ஒன்றில்
வலது ராம்ப் முனகியது.
இருவருக்கும் கேட்டது.
இருவரும் மூச்சைப் பிடித்தோம்.
மரம் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"அங்கே," என்றான் வெகுநேரம் கழித்து,
"வீட்டு முன்னால் தரை சமமாக இருக்குமா?"

தெரியவில்லை என்றேன்.
கடல் பக்கத்து ஊர், மேடுபள்ளமாகத்தான் இருக்கும் என்றேன்.
"ம்" என்றான்.
புது ஃபில்டரைக் கேட்டு ஒரு கறுத்த கை வெளியே நீண்டது.
அதன் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

இறக்குவதும் நானே.
பின்னோக்கி ஐந்து விக்கல்.
ராம்ப் இரண்டையும் தோளுக்கொன்றாய்த் தூக்கி
சுவரோரம் சாத்தினான்.
பிறகு திரும்பி வந்து டேப்பை விரித்து
அவற்றின் நீளத்தை அளந்தான்.
காரின் டிக்கியைத் திறந்து
அதையும் அளந்தான்.
எத்தனை அங்குலம் என்று என்னிடம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
வாசலில் மிதியடி இல்லாததால்
அன்று இருவரும் பூட்ஸைக் கழற்றிக்
கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம்.